பவுலினுக்கு நான் செய்த விளம்பரம்

ஜனவரி 8

தென்பாண்டிச் சீமையின் ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தியும், இரண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஓர் ஆட்டோ ஆகியவற்றின் ஏகபோக அதிபதியுமான தூத்துக்குடி தொம்மை ஆகிய நான், இன்று முதல் நாட்குறிப்பு எழுதத் திருவுளம் கொண்டேன். சரித்திரம் நடக்கும்போது பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு ஆளாளுக்குக் கதை கட்டிவிடுவார்கள்.

சரித்திரம் என்னவென்றால், என் அக்காள் மகள் பவுலின் ஒரு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பம் போடுகிறாள். சென்னைக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகம். வேலையில் இருந்துகொண்டே ஊருக்காகவும் ஏதாவது செய்கிற சின்ன வயதுக்காரர்களைப் பொறுக்கியெடுத்து, ஒரு வருடம் தங்கவைத்து, தலைமைப் பயிற்சி கொடுப்பார்களாம். முடித்து வந்தால் அவள் செய்துகொண்டிருக்கிற வேலையை ஜில்லா முழுக்கச் செய்ய ஆளும் வண்டியும் அவர்களே தருவார்களாம்.

அவள் வேலை கண் பரிசோதனை. வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில். ஏழாம் நாள் கடவுளே ஓய்வெடுத்தார், இவள் எடுப்பதில்லை. காலைப் பூசை முடிந்த கையோடு உப்பளத்துக்குப் போய்விடுவாள். உப்பளத்து வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு காக்கை நிழல் தேடிப் பறந்து பறந்து, கிடைக்காமல், கடைசியில் தன் நிழலிலேயே இறங்கி உட்கார்ந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். மேலே சூரியன், கீழே வெள்ளை வெளேரென்று உப்பு. நடுவில் நின்று நாளெல்லாம் வாருகிற பெண்களுக்குக் கண் கூசி, நீர் வடிந்து, சிவந்து போகும். பவுலின் அவர்களுக்குக் கண்ணைப் பார்த்துக் கறுப்புக் கண்ணாடி கொடுக்கிறாள். முதலில் ஒருத்தியும் போடவில்லை. சினிமாக்காரி மாதிரி இருக்கு என்று ஆம்பிளைகள் கேலி செய்தார்கள். உப்பு வாருகிறவர்களில் பேச்சியம்மாள்தான் முதலில் போட்டாள். "நடிகைன்னே வச்சுக்கோங்கடே" என்றாளாம். அப்புறம் அந்த அளம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடிதான்.

"கெடைக்குமா மாமா?" என்று பவுலின் கேட்டாள்.

"கெடைக்குமாவா? அந்தப் பல்கலைக்கழகத்துக்கே உன் பேரை வைக்கணும்னு நான் எழுதிப்போடப் போறேன்."

"நீங்க ஒண்ணும் எழுதாதீங்க" என்றாள்.

ஜனவரி 12

விண்ணப்பத்தோடு ஒரு வீடியோ வேண்டுமாம். அவளால் பயன்பெற்ற ஒருவர் பேச வேண்டும். தமிழிலேயே இருக்கலாம், இரண்டு நிமிடம் வரை இருக்கலாம். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் கம்ப்யூட்டர் என் கடையில்தான் இருக்கிறது. ஆகவே ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, இயக்கம் எல்லாம் அடியேன்.

உப்பளத்து வரப்பில் பேச்சியம்மாளை நிறுத்தினோம். பாத்தி மிதித்த சேறு காலில் காய்ந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"வெயில்ல கண்ணு கூசும். தண்ணி வடியும். இந்தப் பிள்ளை கறுப்புக் கண்ணாடி தந்துச்சு. இப்பம் கூசல."

அவ்வளவுதான். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருக்க, அவள் பாத்திக்குத் திரும்பிவிட்டாள்.

"இது போதும் மாமா. இதுதான் வேணும்" என்றாள் பவுலின். முகமெல்லாம் சிரிப்பு.

நான் கேமராவை உறையில் போட்டேன். இரண்டு நிமிடம் பேசலாம் என்று ஒரு பல்கலைக்கழகமே மைக்கை நீட்டும்போது இருமிவிட்டு இறங்குவதா? இலை போட்டு உட்கார வைத்தால் உப்பைத் தொட்டுக்கொண்டு எழுந்து வருவோமா?

ஜனவரி 16

நாளை கடைசி நாள். பவுலினுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. வீடியோவை அனுப்பிவையுங்கள் என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

நான் கேமராவோடு பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன்.

இங்கே என் தொழில் தர்மத்தைப் பதிவு செய்ய வேண்டும். நான் மைக்கைப் பிடித்தால் அணில் ஆனையாகும். போன மாதம் செத்துப்போன ஒரு வட்டிக்காரரை, 'ஏழைகளின் எட்டாவது வள்ளல்' என்று தெருத் தெருவாக அறிவித்தேன். அவர் சம்சாரமே அழுகையை நிறுத்திவிட்டு, யாரைச் சொல்லுதாவ என்று கேட்டது. யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தொம்மை சொன்னால் அதில் நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஊருக்கே தெரியும்.

"மூணு வருசமா கண்ணே தெரியலன்னு சொல்லு பேச்சி."

"தெரிஞ்சுதே அண்ணாச்சி."

"தெரிஞ்சுது. எப்படித் தெரிஞ்சுது?"

"கூசிச்சு."

"கூசுனா கண்ணை மூடுவியா, மாட்டியா?"

"மூடுவேன்."

"மூடுனா தெரியுமா?"

"தெரியாது."

"அதத்தான் சொல்லச் சொல்லுதேன்."

"இப்படிச் சொன்னா பிள்ளைக்குக் கெடச்சிருமா?"

"கெடச்ச மாதிரிதான்."

"அப்பம் சொல்லுதேன்."

சொன்னாள். மூன்று வருடம் இருட்டு, கம்பு ஊன்றித்தான் நடந்தேன், இந்தப் பிள்ளை வந்துதான் உலகத்தைக் காட்டியது என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் திடீரென்று அழுதுவிட்டாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறவி நடிகை. மடையைத் திறந்துவிட்டதுபோல் கொட்டியது. எனக்கே கேமராவை நிறுத்த மறந்துபோனது என்றால் பல்கலைக்கழகம் எம்மாத்திரம்.

ஜனவரி 17

அனுப்பியாயிற்று. "பேச்சியக்கா வீடியோதான?" என்று பவுலின் கேட்டாள். "பேச்சியம்மாள் வீடியோவேதான்" என்றேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

பிப்ரவரி 3

நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கள் அக்கா ரெஜினா, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். எனக்கும் ஒன்று ஏற்று என்றேன். "உனக்கு எதுக்குலே? உன் சத்தத்துக்கே அணைஞ்சிரும்" என்றாள்.

பிப்ரவரி 10

துணைக்கு நானும் போனேன். பல்கலைக்கழகம் என்றால் சும்மா இல்லை. வாசலில் நுழைந்து கட்டிடத்தை அடைவதற்குள் எனக்கு இரண்டு முறை தாடி வளர்ந்தது. உள்ளே பவுலின் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், வாசல் காவலாளிக்கு அவளுடைய ஜீவிய சரித்திரத்தைச் சொன்னேன். அவர் எழுந்து நின்று கேட்டார்.

பவுலின் வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. காலையில் சாப்பிடாமல் போனால் அப்படித்தான்.

"என்ன கேட்டாங்க?"

"பேச்சியக்காவைப் பத்தி."

"என்ன கேட்டாங்க?"

"மூணு வருசம் பார்வை இல்லாம இருந்தவங்களுக்கு எப்படிப் பார்வை வந்துச்சுன்னு கேட்டாங்க மாமா."

காவலாளி இன்னும் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு அம்மா கண்ணைத் துடைச்சிக்கிட்டாங்க. நான் தலையை ஆட்டிட்டேன்."

ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். களைப்பு. விருதுநகர் தாண்டி ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். "அந்த வீடியோவை இன்னும் யாருக்கெல்லாம் அனுப்பினீங்க?"

"யாருக்கும் இல்லம்மா."

"அனுப்பாதீங்க மாமா. தயவு செஞ்சு."

"மாதா மேல ஆணையா" என்றேன்.

பிப்ரவரி 24

கிடைத்துவிட்டது.

நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த கொஞ்சம் பேரில் எங்கள் பவுலின் ஒருத்தி. அக்கா அழுதாள். அத்தான் கடலுக்குப் போய்த் திரும்பாத நாளுக்கப்புறம் அவள் அழுது நான் பார்த்ததில்லை, இது வேறு அழுகை. பவுலின் மட்டும் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். பெரிய மனிதர்கள் வெற்றியை அப்படித்தான் வாங்கிக்கொள்வார்கள்.

நான் ஆட்டோவில் குழாயைக் கட்டினேன். 'இருண்ட விழிகளுக்கு விடியல் தந்த முத்துநகரின் முழுநிலவு' என்று ஆரம்பித்தேன். தெருவில் போன நாய்கள்கூட உட்கார்ந்து கேட்டன. வெறும் பேச்சு போதுமா, ஆதாரம் வேண்டாமா? வீடியோவின் பின்பாதியை மட்டும், என் குரலை மேலே சேர்த்து, நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். அனுப்பாதீர்கள் என்று அவள் சொன்னது முழு வீடியோவை. இது பாதி.

பிப்ரவரி 27

காலையில் பேச்சியம்மாளை உப்பளத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். பவுலின் வந்து சொன்னாள். செல்போனை என் முன்னால் வைத்தாள். அதில் என் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தச் செல்போன்களைக் கண்டுபிடித்தவனைச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 28

அளத்துக் கங்காணி லிங்கதுரையைப் போய்ப் பார்த்தேன். அவர் தங்கச்சி கல்யாணத்துக்கும் அவர் மகன் காதுகுத்துக்கும் மைக் செட் போட்டவன் நான். டீ சொன்னார்.

"கண்ணு தெரியாதவளை எப்படிவே எறக்கச் சொல்லுதீரு? பாத்தியில வழுக்கி விழுந்தா, மோட்டார் கெணத்துல விழுந்தா யாரு பதில் சொல்லுவா? மொதலாளி வீடியோவைப் பாத்துட்டு முந்தாநாள் ராவே போன் போட்டுட்டாரு."

"அவளுக்குக் கண்ணு தெரியும்யா. உம்ம விட நல்லாத் தெரியும். உப்பு வாருறதைத் தெனமும் நீரு பாக்கலையா?"

"நான் பாத்தேன். மொதலாளி வீடியோவத்தான பாத்தாரு? அவளே அழுதுக்கிட்டே சொல்லுதா."

"அது நான் கொஞ்சம் மெருகு போட்டது."

"எது மெருகு, எது நெசம்னு நீருதான் கோடு போட்டுத் தரணும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் கேளும். கண்ணாடி போட்டவ எல்லாருக்கும் கண்ணுல கோளாறு இருக்குமோன்னு மொதலாளி கேக்காரு. பொம்பளையளுக்கு இது தெரிஞ்சு போச்சு."

திரும்பி வரும்போது பாத்திகளைப் பார்த்தேன். உச்சிவெயில். ஒருத்தி முகத்திலும் கண்ணாடி இல்லை. எல்லாரும் கண்ணை இடுக்கிக்கொண்டு வாரிக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்காக ஒரு நீண்ட உரையைத் தயாரித்து வைத்திருந்தேன். மூன்று அடுக்கு, நடுவில் விவிலிய மேற்கோள். அவள் ஆரம்பிக்கவே விடவில்லை.

"பிள்ளைக்குக் கெடச்சுதுல்லா அண்ணாச்சி?"

"கெடச்சுது."

"அப்பம் சரி."

"உனக்கு வேலை போச்சே பேச்சி."

"வேற பாப்பேன்." முற்றத்தில் காய்ந்த துணியை உதறினாள். "அன்னைக்கு நான் அழுதேன்லா, பொய் சொன்னதுக்குன்னு நெனச்சியளா? ஒரு வருசத்துக்குப் பிள்ளை போயிருமேன்னு அழுதேன். நல்லதுக்குத்தான் போவுதுன்னு தெரியும். மனசு கேக்கல."

பிறவி நடிகை என்று இந்த நாட்குறிப்பில் நான் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மார்ச் 3, ஞாயிறு

உப்பளத்துக்குப் பக்கத்துச் சமூகக்கூடத்தில் பவுலின் வழக்கம்போல் முகாம் போட்டாள். எழுத்து அட்டையை மாட்டினாள். மேசை துடைத்தாள். நானும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். வழக்கமாக இந்த நேரத்துக்குள் கூடம் சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும். யார் முதலில் என்று சண்டை நடக்கும்.

ஒருத்தியும் வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு ஒரு பெண் வந்தாள். பவுலின் எழுந்துவிட்டாள். வந்தவள் முந்தானையிலிருந்து கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எங்க வீட்டுல வேண்டாம்ங்காவ. கோவிச்சுக்காத தாயி."

"கண்ணு கூசலையாக்கா?"

"கூசுது" என்றாள். போய்விட்டாள்.

நாற்காலிகளை அடுக்கும்போது பவுலினைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று நினைத்தேன். இத்தனை நாற்காலிகளும் உன்னைக் காண வந்திருக்கின்றன என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

மார்ச் 5

பவுலின் பல்கலைக்கழகத்துக்கு எழுதப் போகிறாளாம்.

"எதை?"

"நடந்ததை. பேச்சியக்காவுக்கு எப்பவுமே பார்வை இருந்துச்சுன்னு."

"போயிட்டு வந்து சரி பண்ணலாம்மா. ஒரு வருசந்தான். வண்டியும் ஆளுமா வந்து இறங்கினா எல்லாரும் திரும்ப வருவாங்க. அந்த வீடியோ என் வேலைன்னு நான் எழுதுறேன், கையெழுத்து மட்டுமில்ல, கைநாட்டும் வைக்கேன்."

"வீடியோ உங்க வேலைதான். தலையை ஆட்டுனது யாரு?"

"நீ பயந்துட்ட."

"பயப்படல மாமா. ஆசைப்பட்டுட்டேன். ஒரு நிமிசம், எனக்கு இது வேணும்னு தோணுச்சு. சொன்னா போயிரும்னு தெரிஞ்சுது. அதான் சொல்லல."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். திட்டு வாங்குவதில் எனக்கு டாக்டர் பட்டம் உண்டு. அவள் தன்னைச் சேர்த்துக்கொண்டாள்.

அக்காவும் திட்டவில்லை. மத்தியானம் எனக்குப் பெரிய மீன்துண்டாகப் பார்த்து வைத்தாள்.

மார்ச் 8

பதில் வந்தது. உண்மையைச் சொன்னதை மதிக்கிறோம், ஆனால் இந்த ஆண்டு இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். பவுலின் ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குக் கிளம்பிப் போனாள்.

மார்ச் 10

ஆட்டோவில் குழாயைக் கட்டினேன். பின்னணி இசை போடவில்லை. உப்பளத்துத் தெருக்கள் எல்லாவற்றிலும் சொன்னேன்:

"பேச்சியம்மாளுக்குக் கண் தெரியும். எப்போதும் தெரிந்தது. வீடியோவில் சொன்னதை நான்தான் சொல்லச் சொன்னேன். அது பொய். கண்ணாடி போட்ட யாருக்கும் கண்ணில் கோளாறு கிடையாது. இப்படிக்கு, மைக் செட் தொம்மை."

ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் சிரித்தார். ஒரு கிழவர், உடம்புக்கு என்ன செய்யுது தொம்மை, குரலே சரியில்லையே என்றார். நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் ஊர். நாலும் உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

மார்ச் 13

லிங்கதுரை எங்கள் வீட்டுக்கே வந்தார். முதலாளி இறங்கி வந்திருக்கிறார். பேச்சியம்மாளை மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். ஒரு நிபந்தனை. கண் பார்க்கிறேன், படம் எடுக்கிறேன் என்று இனி யாரும் அளத்துக்கோ பக்கத்துச் சமூகக்கூடத்துக்கோ வரக்கூடாது. பவுலின் வரக்கூடாது.

"நான் சொல்லல தாயி. அவரு சொல்லுதாரு" என்றார் லிங்கதுரை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பேச்சியக்கா நாளைக்கே வரலாமா?"

"வரலாம்."

"சரி, நான் வரல" என்றாள் பவுலின்.

நான் குறுக்கே புகுந்தேன். முதலாளி யார், அளம் யாருடையது, வெயில் யாருடையது என்று ஒரு பிரசங்கம் தொடங்கினேன். "மாமா" என்றாள். நிறுத்திவிட்டேன்.

மார்ச் 14

பேச்சியம்மாள் வேலைக்குப் போனாள். கண்ணாடி இல்லாமல்.

ஏப்ரல் 1

பவுலின் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு மதுரைக்குப் போகிறாள். ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை இங்கே சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று அக்காவிடம் சொன்னாளாம். என்னிடம் சம்பளம் நல்ல சம்பளம் என்றாள்.

பஸ் நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். பெட்டியை மேலே ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றேன். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் டிரைவரிடம், வண்டியில் யார் போகிறார்கள் தெரியுமா என்று ஆரம்பிப்பேன். டிரைவர் என் பக்கம் திரும்பித்தான் இருந்தார்.

"அம்மாவைப் பாத்துக்கிடுங்க."

"பாத்துக்கிடுதேன்."

"ஞாயித்துக்கிழமை பேச்சியக்கா வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வாங்க. கண்ணு செவந்திருக்கான்னு மட்டும் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க."

"சொல்லுதேன்."

வண்டி எஞ்சின் போட்டார்கள். அவள் குனிந்து சொன்னாள். "மாமா, யாராச்சும் என்னைக் கேட்டா, மதுரைல ஒரு கண்ணாடிக் கடையில வேலை பாக்கேன்னு சொல்லுங்க. அது மட்டும் போதும்."

ஏப்ரல் 2

டீக்கடையில் கூட்டம். அந்தோணியார் கோயில் தெரு வாத்தியார் என்னைப் பார்த்ததும் பெஞ்சில் இடம் ஒதுக்கினார்.

"மருமக எங்கவே? பெரிய படிப்புக்குப் போயிட்டாளாமே?"

"மதுரைல ஒரு கண்ணாடிக் கடையில வேலை பாக்கா."

"சொந்தக் கடையா?"

"இல்ல. வேலைதான்."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் டீயை ஆற்றிக் குடித்தேன்.